சின்னக் குழந்தையோடு வீட்டு விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தை விளையாட டெல்டா வீடுகளில் கொட்டாங்குச்சியும் முறமும் சொம்புமே போதும். எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

எண்ணக் கற்றுத்தருகிறோம் என்று பல்லாங்குழிப் பலகையோடு புளியங்கொட்டையையும் எடுத்து வைப்பது முதல் தவறு. இந்த வயதில் கையில் கிடைப்பது வாய்க்குத்தான் போகும், அங்கிருந்து மூச்சுக்குழாய்க்கும் போகலாம். பொம்மைகளைச் சோதிக்கும் அளவுக்குழாயின் விட்டம் சுமார் 32 மி.மீ.; அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். பத்து ரூபாய் நாணயமே 27 மி.மீ.தான். ஆகவே எலுமிச்சம்பழ அளவுக்குக் குறைந்த எதுவும் வேண்டாம். மொச்சை மூக்குக்குள் போனால் ஊறிப் பருத்துவிடும். அறுவடைக் காலத்தில் நெற்குவியலில் இறக்கி விடாதீர்கள். சுணை கண்ணில் பட்டால் அன்றைய பொழுது அழுகைதான்.

அடுத்தது தண்ணீர். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, கால் வாளித் தண்ணீரே ஆபத்து. தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு கொட்டாங்குச்சி போதும். கை எட்டும் தூரத்திலேயே உட்காருங்கள். முடிந்ததும் உடனே செடிக்கு ஊற்றிவிடுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொல்லைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அவசியம்.

பிசைந்து விளையாடும் மாவுக்கு அரை கப் உப்பு போடும் செய்முறைகள் சுற்றுகின்றன. குழந்தை அதைத் தின்னும்; அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது. பச்சைக் கோதுமை மாவும் வாய்க்கு நல்லதல்ல. கொழுக்கட்டை மாவைப் போலவே கிளறுங்கள்: ஒரு கப் அரிசி மாவு, ஒன்றேகால் கப் கொதிநீர், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். நிறத்துக்கு மஞ்சள் தூள். நன்றாக ஆறிய பிறகு கொடுங்கள், மீந்ததைச் சாயங்காலம் கொட்டிவிடுங்கள். மறுநாள் புளித்துப் பிசுபிசுக்கும்.

ஆடிப்பெருக்கில் பிள்ளைகள் கயிறு கட்டி இழுக்கும் சின்னத் தேரான சப்பரத்தைப் பார்த்தால் குழந்தைக்குக் கொண்டாட்டம்தான். கயிறு மட்டும் ஓர் அடிக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும். இழுத்து முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

"இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று பரீட்சை வைக்காதீர்கள். செய்வதையே சொல்லிக்கொண்டிருங்கள்: "ஊத்து... ஊத்து... நிரம்பிடுச்சு!" பிறகு ஐந்து நொடி வாயை மூடிக் காத்திருங்கள், பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். சாமான் மூன்றுக்கு மேல் பரப்ப வேண்டாம். ஐந்து நிமிடத்தில் குழந்தை எழுந்து போனால் போகட்டும், இழுத்து உட்கார வைக்காதீர்கள்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் நடனமாடும் வகை கம்பி முனையில் நிற்பது. பாகங்கள் தனித்தனியாகக் கழன்று வரும், அலமாரியிலேயே இருக்கட்டும்.