அப்பப்பாவைப் பழைய பேப்பரில் தேடுவோருக்கு

யாழ்ப்பாணத்தில் 'மலாயன் பென்ஷனியர்' வீடு என்றால் இன்றும் விளங்கும். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கு, ரயில்வே வேலைக்கும் கந்தோர் வேலைக்கும் கப்பலேறிப் போய், பென்ஷனோடு திரும்பியவர்களின் வீடு. அவர்களைத் தேட சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்ற பழைய பேப்பர்களின் இணையதளம் நல்ல இடம். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்ற சிங்கப்பூர் ஆங்கிலப் பேப்பர் அதில் இருக்கிறது. ஆனால் பேரை மட்டும் நம்பி இறங்கினால் வேறு யாருடையவோ அப்பப்பாவோடு திரும்பி வருவீர்கள்.

நான் அப்படித்தான் வந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் எஸ். கந்தையா என்றொருவரை ஒரு வருடம் எங்கள் ஆளென்று கொண்டாடினேன். பிறகு அவருடைய மரண அறிவித்தல் கிடைத்தது: தகப்பன் பேர் சுப்பிரமணியம். எங்களவரின் தகப்பன் சின்னத்தம்பி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்து தகப்பனுடையது, அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான். ஆகவே பேரோடு வேலையையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள், ஊரையும் அன்றைய பேரில். தெலுக் இந்தான் அப்போது தெலுக் ஆன்சன், கிள்ளான் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம். செல்லையாவை ஆங்கிலத்தில் 'சி-எச்' போட்டும் எழுதினார்கள், 'எஸ்' போட்டும் எழுதினார்கள். போதாததற்கு, மங்கிய அச்சைக் கணினி தப்பாக வாசித்திருக்கும். பேரில் பாதியைக் கொடுத்தும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

தேதியில் சறுக்குவோரும் அதிகம். 1921 ஜனவரி 5 பேப்பரில் '28 அல்ட்.' அன்று காலமானார் என்றிருந்தால் அது போன மாதம், அதாவது 1920 டிசம்பர் 28. 'இன்ஸ்ட்.' என்றால் நடப்பு மாதம். தமிழ் அறிவித்தலில் வெறுமனே 'துன்மதி வருடம்' என்றிருந்தால் அது 1861-ஆகவும் இருக்கலாம், 1921-ஆகவும் இருக்கலாம்.

உத்தியோகத்தர், கம்பெனி, தோட்டப் பேர்களை வருடத்துக்கு வருடம் பட்டியலிட்ட டைரக்டரிகளில் இன்னொரு பொறி. 1912-க்கான புத்தகத்துக்கு விவரம் திரட்டியது அதற்கு முந்தியே. மாற்றலாகிப் போனவர் பழைய ஊரிலேயே நிற்பார். ரப்பர் தோட்டம் என்றால் கம்பெனி பேரும் துரை பேரும் இருக்கும், பால்வெட்டியவர் பேர் இருக்காது. அவர் டைரக்டரியில் இல்லை என்பதால் அந்தத் தோட்டத்தில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

1942 பெப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸே அந்தப் பேரில் வரவில்லை. ஜப்பானியர் காலம். அந்த இடைவெளியில் ஆளைக் காணோமென்று இறந்த வருடத்தைக் குறித்துவிடாதீர்கள்.