லினக்ஸ் நிறுவல் பென்டிரைவைப் புதுப்பித்தல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கம்பக்கத்தாருக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுக்க, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 11-ஆம் பதிப்பை எழுதிய ஒரே பென்டிரைவைத்தான் நெடுநாள் வைத்திருந்தேன். பழைய விலையில்லா மடிக்கணினியில் ஒழுங்காக வேலை செய்த அது, புதிதாக வாங்கிய மடிக்கணினி ஒன்றில் வைஃபையைக் கண்டுகொள்ளவே இல்லை.

நிறுவிய லினக்ஸை ஏப்டி என்ற கட்டளை கொண்டு புதுப்பிப்பது போல, பென்டிரைவில் எழுதிய நிறுவல் ஐஎஸ்ஓவை (நிறுவியின் முழு வட்டுப் படிமத்தை) புதுப்பிக்க இயலாது. அதன் கோப்பு முறைமை படிக்க மட்டுமே உரியது. புதிய ஐஎஸ்ஓவை இறக்கி மீண்டும் எழுத வேண்டும்.

எதை இறக்குவது என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வைஃபை போன்ற வன்பொருள்கள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்னும் சிறு மென்பொருள் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்ந்து வருகிறது. அதன் கெர்னல் (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) 6.1; 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12. புதிய கெர்னல் புதிய வன்பொருளை நன்கு அறியும் என்பதால், அண்மையில் வாங்கிய கணினிக்கு 13-ஐயே எடுப்பது நல்லது. ஆனால் 32-பிட் செயலி கொண்ட பழைய பிசிகளுக்கான நிறுவி 12-உடன் நின்றுவிட்டது. கணினி எந்த வகை என்று ஐயமிருந்தால், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும் 32-பிட் லைவ் லினக்ஸ் ஒன்றில் துவக்கி, செயலியின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுத்து, முதல் சில வரிகளில் 64-பிட் என்று வருகிறதா எனப் பாருங்கள். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு பிசி ஐஎஸ்ஓ எதுவும் உதவாது. அதன் ஆர்ம் வகைச் செயலிக்கெனத் தனிப் படிமம் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் எங்கள் ஊரில் பதிவிறக்கம் பாதியில் அறுவது வழக்கம். பதிவிறக்கும் கட்டளையான டபிள்யூகெட்டில் சி விருப்பத்தைச் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும், அதே பக்கத்தில் கிடைக்கும் ஷா512 தொகைக் கோப்பையும் (ஐஎஸ்ஓ பழுதின்றி வந்ததா எனக் காட்டும் நீண்ட எண் கொண்டது) இறக்கிச் சரிபாருங்கள்; கடைசி நான்கு எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிட்டுத் திருப்தி அடையாமல், ஷா512சம் கட்டளையே ஒப்பிடட்டும்.

எழுதுவதற்கு முன், இணைந்திருக்கும் வட்டுகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். 16 ஜிபி பென்டிரைவ் அங்கே 14 ஜிபிக்குச் சற்று மேலாகவே தெரியும். அந்த அளவை வைத்துத்தான் பென்டிரைவுக்கு லினக்ஸ் இட்ட பெயர் எஸ்டிபியா எஸ்டிஏவா என்று நான் உறுதிசெய்கிறேன். ஒரே ஓர் எழுத்து மாறினால் ஐஎஸ்ஓவை எழுதும் டிடி கட்டளை வீட்டு ஒளிப்படங்கள் இருக்கும் வன்தட்டை எந்தக் கேள்வியும் கேட்காமல் அழித்துவிடும். பென்டிரைவ் எஸ்டிபி எனில், அதனுள் எஸ்டிபி1 என்ற பிரிவில் எழுதினால் பென்டிரைவ் துவங்காது. முழுச் சாதனமான எஸ்டிபியிலேயே எழுத வேண்டும். பிறகு, எழுதுவதை முழுதாக முடிக்கும் சிங்க் கட்டளையைக் கொடுத்து, கட்டளை வரி திரும்பும்வரை பென்டிரைவைப் பிடுங்காதீர்கள்.

கணினி துவங்கும்போது திறக்கும் பூட் மெனுவில், யுஇஎஃப்ஐ, பயாஸ் என்ற இரு துவக்க முறைகளுக்காகப் பென்டிரைவின் பெயர் இருமுறை வந்தால், அந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் உள்ளதா பழைய பயாஸ் முறையில் உள்ளதா என்று பார்த்து, அதே முறையைத் தேர்ந்தெடுங்கள்.