சொர்க்கப் பறவைப் பூ: வளவிலும் மேசையிலும்

மட்டக்களப்பு, கல்லடிப் பக்க மணல் வளவுகளிலும் 'பேர்ட் ஒஃப் பரடைஸ்' வளர்க்கலாம். தென்னாபிரிக்கச் செடி, காலை வெயில் தாராளமாக வேண்டும், நம் பிற்பகல் சூட்டுக்குக் கொஞ்சம் நிழல் நல்லது. வெறும் மணலில் சத்து நிற்காது. மக்கிய மாட்டெரு கலந்து நடுங்கள். மார்கழி மழையில் வெள்ளம் நிற்கும் வளவென்றால் பூச்சாடிதான் சரி.

விதை போட்டால் பூவைக் காண 3 முதல் 5 ஆண்டுகள் ஆகலாம். தெரிந்தவர் வீட்டுப் புதரிலிருந்து வேரோடு பிரித்த கன்று ஒன்றைக் கேட்டு வாங்குவதே கெட்டித்தனம். அதன் கழுத்து, அதாவது வேரும் இலைக்காம்புகளும் சேரும் இடம், மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்தால் பூப்பது தள்ளிப்போகும். வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும் என்பதால் அடிக்கடி சாடி மாற்றவும் வேண்டாம். கச்சான் காற்று இலைகளைக் கீறிவிடும். அதை நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்களை என்ன சொல்வது! மதிலோரம் நட்டால் போதும்.

வீட்டுக்குள் வைக்க, முதல் பூ விரியும்போது வெட்டுங்கள். அலகு போன்ற அந்த மடலுக்குள் பல பூக்கள் அடுக்காக இருக்கும். முதலாவது வாடியதும் பிளவுக்குள் பெருவிரலை விட்டு அடுத்ததை மெல்ல மேலே தூக்கிவிடலாம். விரலில் பிசுபிசுப்பு ஒட்டும், கழுவினால் போய்விடும். தண்ணீரை மாற்றி, காம்பின் நுனியையும் நறுக்கி வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். வேறு பூக்களைச் சேர்த்துக் கெடுக்காதீர்கள். உயரமான சாடியில் 3 தண்டுகளே அழகு. விதைகளைச் சிறுபிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றைக் கலக்கும்.