ஜேவிஎம், பீம், சிபைத்தன்: நாம் அடிக்கடி விடும் பிழைகள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தம்பி லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணா, ஜாவா ஓட வெர்ச்சுவல் மெஷின் வேணும் எண்டு சொல்லினம். வெர்ச்சுவல்பொக்ஸ் இறக்கினால் போதுமோ?"

நியாயமான கேள்வி. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. வெர்ச்சுவல்பொக்ஸும் கியூஎமுவும் ஒரு முழுக் கணினியின் வேலையைச் செய்பவை. அவற்றுக்குள் உபுண்டுவையோ விண்டோஸையோ நிறுவலாம். ஜாவாவின் ஜேவிஎம், எர்லாங் மொழியின் பீம், பைத்தனின் சிபைத்தன் எல்லாம் மொழியின் நிரலை மட்டும் ஓட்டுபவை. நாம் எழுதியது பைட்கோட் என்ற இடைவடிவமாக மாறும். அதை இவை நடத்தும். எல்லாமே திறந்த மூல வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. தம்பிக்கு வேண்டியது, ஜேவிஎம்மையும் ஜாவா எழுதத் தேவையான கருவிகளையும் கொண்ட ஓபன்ஜேடிகே ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வரும் பிழைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான். நிரலை வரிவரியாகப் பார்க்கிறோம், அதை ஓட்டும் இயந்திரம் ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். நினைவக விஷயத்தில் இது எவ்வளவு செலவு வைக்கும் என்பதை நான் பட்டுத்தான் படித்தேன்.

ஒரு துணிக்கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். சேர்வர் வாடகை டொலரில் என்பதால் சிறியதாகவே எடுத்தோம். ஜாவா ஓடியது டொக்கர் கன்டெய்னரில், அதாவது சேர்வருக்குள் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பெட்டியில். அதற்கு 512 எம்பி நினைவக எல்லை. நிரல் உருவாக்கும் தரவு தங்கும் ஹீப் என்ற ஜேவிஎம் பகுதிக்கும் அதே 512 எம்பியை உச்சமாகக் கொடுத்தேன்; இருப்பதை முழுதாகக் கொடுப்பதுதானே புத்தி என்று நினைத்தேன். தீபாவளி வாரத்தில் கடையில் கூட்டம் ஏற ஏற, மென்பொருள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நின்றுபோனது. மென்பொருள் நடந்ததை எழுதிவைக்கும் லொக்கில் ஒரு பிழைச் செய்திகூட இல்லை. இரண்டு நாள் நிரலுக்குள்ளேயே தேடினேன். கடைசியில், கன்டெய்னர் ஏன் நின்றது என்று காட்ட விட்டுப்போன எண்ணைப் பார்த்தேன்: 137.

அந்த எண்ணிலேயே விடை இருந்தது. 137 என்பது 128உடன் 9ஐக் கூட்டியது. லினக்ஸில் 9ஆம் சிக்னல் என்றால் கேள்வி கேட்காமல் கொன்றுவிடு என்று அர்த்தம். ஹீப் நிரம்பி ஜாவா தானாக விழுந்திருந்தால் நினைவகம் போதவில்லை என்று லொக்கில் எழுதிவிட்டே விழுந்திருக்கும். இங்கே எல்லையைத் தாண்டியதற்காக இயங்குதளமே கொன்றிருக்கிறது. ஹீப் என்பது ஜேவிஎம்மின் வீட்டில் ஓர் அறை மட்டும்தான். ஒரே நிரலுக்குள் பக்கம் பக்கமாக நடக்கும் வேலைகளைத் திரெட் என்போம்; ஒவ்வொரு திரெட்டுக்கும் ஸ்டாக் என்ற தனி நினைவகம் உண்டு. 64 பிட் லினக்ஸில் அதன் வழக்கமான உச்ச அளவு 1 எம்பி. வகுப்புகளின் விவரம் தங்கும் மெட்டாஸ்பேஸ், ஓடும்போதே தொகுத்த இயந்திர நிரல், தேவையற்றுப்போன தரவை அகற்றும் குப்பை சேகரிப்பானின் சொந்தக் கணக்கு என்று எல்லாமே ஹீப்புக்கு வெளியே இடம் கேட்கும். ஹீப்பை 300 எம்பிக்கு இறக்கி, திரெட்களின் எண்ணிக்கையையும் குறைத்தேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

ஒன்றுமே சொல்லாமல் விடுவதும் ஆபத்துதான். சொல்லாவிட்டால் ஜேவிஎம் தன் கண்ணுக்குத் தெரியும் நினைவகத்தில் நாலில் ஒரு பங்கை ஹீப்பின் உச்சமாக வைத்துக்கொள்ளும். ஜாவா 8இன் பழைய வெளியீடுகளுக்குக் கன்டெய்னரின் எல்லை தெரியாது, முழுச் சேர்வரையும் தன்னுடையதென்று எண்ணிக்கொள்ளும். ஜாவா 10இல் இது சரியானது. ஜாவா 8க்கு 191ஆம் புதுப்பிப்பில் வந்தது. இன்னும் அதற்கு முந்தியதை ஓட்டுபவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள்.

அப்புறம் வேகம். "ஜாவாவில் எழுதிப் பார்த்தேன், பைத்தனைவிட மெதுவாக இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். கேட்டால், அரை விநாடியில் முடியும் நிரலை ஒரே ஒரு தடவை ஓட்டி அளந்திருப்பார்கள். ஓபன்ஜேடிகேயில் உள்ள ஹொட்ஸ்பொட் முதலில் பைட்கோடை ஒவ்வொன்றாக வாசித்து நடத்தும். அடிக்கடி வரும் பகுதிகளைக் கண்டுகொண்ட பின்னரே அவற்றை இயந்திர மொழிக்குத் தொகுக்கும். ஆகவே நீங்கள் அளந்தது அது சூடாகும் நேரத்தை. எதிர்த் திசையிலும் ஏமாறலாம்: ஒரு கணக்கைக் கோடி தடவை செய்துவிட்டு விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால், தொகுப்பான் அந்தச் சுற்றையே தூக்கிவிடக்கூடும். அப்போது நம்ப முடியாத வேகம் தெரியும். ஓபன்ஜேடிகே திட்டத்திலேயே ஜேஎம்எச் என்ற அளவீட்டுக் கருவி இருக்கிறது, அதைக்கொண்டு அளந்து பாருங்கள்.

பைத்தனில் நான்கு திரெட் போட்டால் கணக்கு நான்கு மடங்கு வேகமாக முடியும் என்று எதிர்பார்ப்பதும் இதே வகை. சிபைத்தனின் வழக்கமான பதிப்பில் ஒரு பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தன் பைட்கோடை நடத்தும். அந்தப் பூட்டு இல்லாத தனிப் பதிப்பு 2024 அக்டோபரில் 3.13உடன் வந்தது. வழக்கமானதே போதுமென்றால் கனமான கணக்குகளைத் தனித்தனி நிரல்களாக ஓடும் புரொசஸ்களாகப் பிரியுங்கள்.

உரிமத்தை வாசிக்காமல் இறக்குவது இன்னொரு பிழை. ஜாவா என்று தேடி முதலில் கண்ணில் பட்டதை நிறுவுகிறோம். ஓபன்ஜேடிகே வேறு, ஒரக்கிள் தன் பெயரில் தரும் ஜேடிகே வேறு. ஒரக்கிள் ஜேடிகே 8இன் புதிய வெளியீடுகளை வணிகத்துக்குப் பயன்படுத்த 2019 முதல் சந்தா தேவை. எக்லிப்ஸ் டெமுரின், அமேசன் கொரெட்டோ போன்றவை ஓபன்ஜேடிகேயிலிருந்து கட்டப்பட்டவை, வணிகத்துக்கும் இலவசம். ஓபன்ஜேடிகேக்கு ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் என்றதும் தங்கள் நிரலையும் வெளியிட வேண்டி வருமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. ஓபன்ஜேடிகேயில் கிளாஸ்பாத் விலக்கு இருக்கிறது. அதன் மேல் ஓடும் உங்கள் நிரல் உங்களுடையதே.

சொந்தமாக ஒரு மொழி எழுதுபவர்கள் சொந்த இயந்திரமும் எழுதத் தொடங்குவார்கள். படிப்பதற்கு என்றால் அருமையான வேலை. தொழிலுக்கு என்றால் கொழும்பிலேயே பிறந்த பலரீனா மொழியைப் பாருங்கள். டபிள்யூஎஸ்ஓ2 உருவாக்கிய அந்த மொழி முதலில் தனக்கென ஒரு இயந்திரத்தில் ஓடியது, 2019இல் 1.0 வெளிவந்தபோது ஜேவிஎம் பைட்கோடுக்கு மாறியிருந்தது. குப்பை சேகரிப்பிலும் தொகுப்பிலும் பல்லாண்டு உழைப்பு அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜாவா 18க்கு முன், எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிப்பது என்ற எழுத்துக் குறியீட்டை நாம் குறிப்பிடாவிட்டால் ஜேவிஎம் இயங்குதளத்தின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகக் கோப்பில் எழுதப்படும். எழுதியபின் மீட்க வழியில்லை. 2022இல் வந்த 18இலிருந்து தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீடு இயல்பானது. பழையதில் நாமே சொல்ல வேண்டும்.

அது சரியான பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். "கொழும்பு" என்பதில் எழுத்து நான்கு. ஜாவாவிடம் நீளம் கேட்டால் 8 என்னும், பைத்தனும் 8 என்னும், பீமில் ஓடும் எலிக்சிர் மொழி 4 என்னும். இந்தச் சொல்லில் முதல் இரண்டும் யூனிகோட் குறிகளை எண்ணுகின்றன (ழு என்பதில் ழ ஒன்று, உகரக் குறி ஒன்று), எலிக்சிர் நாம் வாசிக்கும் எழுத்தை எண்ணுகிறது. துணிக்கடையின் பழைய வாடிக்கையாளர் பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி, கொகரத்தின் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. அந்தக் "கொழும்பு"க்கு நீளம் 9. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கத் தொடங்கி, பழைய பட்டியலையும் ஒருமுறை அப்படியே மாற்றினேன். இப்போது எந்தக் கொழும்பைத் தட்டினாலும் எல்லா வாடிக்கையாளரும் வருகிறார்கள்.