வண்டி ஹீட் ஆகிறதா? காற்று போகும் வழியை முதலில் பாருங்கள்

வண்டி ஹீட் ஆனதும் பலரும் யோசிப்பது, இன்னும் கொஞ்சம் காற்றை எப்படி உள்ளே விடலாம் என்றுதான். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, என்ஜினின் சூட்டைச் சுமந்து வரும் கூலன்ட் திரவம் ஆறுகிற ரேடியேட்டரின் தகடுகளுக்கு ஊடாகப் போயாக வேண்டும். பக்கத்தில் ஒரு சந்து இருந்தால் அது சந்தில்தான் போகும், அங்கே தடை குறைவு.

அதற்காகத்தான் ரேடியேட்டரைச் சுற்றி ஃபோமும் பிளாஸ்டிக் தடுப்புகளும் வைக்கிறார்கள். பம்பரைக் கழற்றி மாட்டும்போது இவற்றில் ஒன்றிரண்டு காணாமல் போய்விடும், யாரும் கண்டுகொள்வதில்லை. டிராஃபிக்கில் நிற்கும்போது என்ஜின் பக்கத்துச் சூடான காற்று அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகும். அடியில் இருக்கும் கவரையும் சேறு தடுக்கத்தானே என்று தூக்கிப் போடாதீர்கள், பல கார்களில் காற்று வெளியேறும் விதம் அதை நம்பியே அமைந்திருக்கிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்தால் புதிதாக மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில்தான் காற்றை ஒழுங்காக இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும்.

சூடு வெளியேறட்டும் என்று கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்து பானட்டின் பின்பக்கத்தைத் தூக்கி வைப்பது இன்னொரு வழக்கம். நிற்கும்போது கொஞ்சம் சூடு வெளியேறும், சரி. ஆனால் வேகமாகப் போகும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அதனால் காற்று அந்த இடைவெளியில் உள்ளே நுழையவே பார்க்கும், ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுக்கு வெளியேற வழி குறையும்.

தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வை, கழற்றிவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசலோ பெட்ரோலோ வீணாகும், உண்மையான கோளாறு அப்படியே இருக்கும்.

நிற்கும்போது ஹீட் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஹைவேயில் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையும் கூலன்ட் ஓட்டத்தையும் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் இருக்கும், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும், முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. என்ஜின் ஆறிய பிறகு மெதுவான தண்ணீரில், முடிந்தால் என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

ஃபேன் மோட்டார் மாற்றியவர்கள் இதையும் செய்து பாருங்கள். வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு வெளியே ஒரு தாளைப் பிடியுங்கள். பெரும்பாலான கார்களில் தாள் உள்பக்கமாக இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.