இதய மாத்திரையோடு ஸ்டீராய்டு சேரும்போது நடக்கும் தவறுகள்

“அஞ்சு நாள் கோர்ஸ்தானே, இதைப் போய் இதய டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?” என்று நினைப்பதுதான் முதல் தவறு. மூச்சு இழுப்புக்கோ மூட்டு வீக்கத்துக்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதித் தருபவருக்கு நீங்கள் சாப்பிடும் இதய மாத்திரைகள் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது நீர் மாத்திரையும் டிகாக்சின் என்ற இதய மருந்தும் எடுப்பவர்கள்தான். ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ஸ்டீராய்டும் அதையே செய்யும். ரத்தத்தில் லிட்டருக்கு சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் இருக்க வேண்டிய பொட்டாசியம் இறங்கிவிட்டால், வழக்கமான டோஸ் டிகாக்சினே நஞ்சாகலாம். இதயச் செல்லில் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் தட்டுவது, துடிப்பு தாறுமாறாவது எல்லாம் அதன் அடையாளங்கள். வயிற்றுக் கோளாறுதான் என்று நாளைக் கடத்தவே கூடாது. ஸ்டீராய்டு தொடங்கும்போதே பொட்டாசியம் பரிசோதனை எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், பிரஷரையும் ஏற்றும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால் வீங்குகிறதே என்று தானாகவே ஒரு நீர் மாத்திரையைக் கூட்டிப் போடுபவர்கள் உண்டு. அப்போது பொட்டாசியம் இன்னும் இறங்கும்.

ஆஸ்பிரினோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கு மேல் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று, ஸ்டீராய்டைப் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவது. சில வாரங்களுக்கு மேல் எடுத்திருந்தால் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, ஸ்டீராய்டு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறிவிடலாம். அதற்காக வார்ஃபரின் அளவைக் குறைத்திருந்தால், கோர்ஸ் முடிந்ததும் மறுபடி ஐஎன்ஆர் பாருங்கள். குறைத்த அளவிலேயே தொடர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.