கொடுவா பிடிக்க உயிர் இரை: வலை வீசுவதிலிருந்து முள்ளில் கோர்ப்பது வரை

முட்டுக்காடு, கோவளம் பக்கம் முதல்முறை தூண்டில் போட வருகிற பலர் சந்தையில் வாங்கிய செத்த இறாலோடு வருகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் கெளுத்தியும் கீச்சானும்தான் கடிக்கும். கொடுவா, செப்பிலி, பாரை மாதிரி வேட்டையாடும் மீன்களுக்குத் துடிக்கிற இரை வேண்டும். அந்த இரை அதே கழிமுகத்தில், உங்கள் காலடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிப்பதைவிட உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

எந்த மீன்?

என் முதல் தேர்வு மடவைக் குஞ்சு. விரல் நீளம், அதாவது 8 முதல் 12 சென்டிமீட்டர் இருந்தால் போதும். வெள்ளி மாதிரி மின்னும், ஓயாமல் நீந்தும், கொடுவாவுக்குப் பழகிய உணவு. குறை ஒன்றுதான்: சீக்கிரம் செத்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜிலேபிக் (திலாப்பியா) குஞ்சு நல்லது. உப்புத் தண்ணீரையும் தாங்கும், வாளியில் மணிக்கணக்கில் கிடக்கும். இரண்டும் கிடைக்காத நாளில் உயிருள்ள இறால் கைகொடுக்கும்.

எப்போது, எங்கே?

கிளம்புவதற்கு முன் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் திறக்கும் வாய் கோடையில் மணல் மூடி அடைபட்டுவிடுவது உண்டு. அடைபட்டால் உள்ளே ஏற்றம், வற்றம் தெரியாது. ஓதக் கணக்கைப் பார்த்துப் பயனில்லை. திறந்திருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் நன்றாக இருக்கும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மடவைக் கூட்டம் முழங்கால் ஆழமுள்ள கரையோரத்துக்கு வரும். காற்றில்லாத காலையில் நீர்மட்டத்தில் மழைத்துளி விழுகிற மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். அதுதான் கூட்டம்.

பிச்சாவரம் ஒரு காப்புக்காடு. பழவேற்காடு ஏரியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கெல்லாம் அனுமதி கேட்காமல் வலையை எடுக்க வேண்டாம். பழவேற்காட்டு மீனவர்களிடம் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை இடுவது என்று பிரித்துக்கொள்ளும் பாடு முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும், பக்கத்தில் வலை விரித்திருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதுதான் சரி. இடமும் அவரே காட்டுவார்.

வீச்சு வலை

நான்கு அடி ஆரம், 12 மில்லிமீட்டர் கண்ணி உள்ள வலை வாங்குங்கள். கண்ணி பெரிதானால் குஞ்சு செவுளில் மாட்டிச் செத்துவிடும்.

கயிற்றின் வளையத்தை இடது மணிக்கட்டில் மாட்டி, மீதிக் கயிற்றைச் சுருட்டி அதே கையில் பிடியுங்கள். வலையின் மேல்பகுதியையும் அந்தக் கையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயமணி ஓரத்தில் ஒரு பகுதியை இடது முழங்கை மேல் போட்டு, மீதியில் பாதியை வலது கையில் அள்ளுங்கள். இடுப்பை இடப்பக்கம் திருப்பி, அப்படியே வலப்பக்கம் சுழன்று, தட்டைத் தரைமட்டமாக எறிகிற மாதிரி விடுங்கள். வலையை விரிப்பது கை பலமல்ல, இடுப்பின் சுழற்சிதான். தண்ணீருக்குப் போகும் முன் ஒரு வாரம் மொட்டை மாடியிலோ மைதானத்திலோ வீசிப் பழகுங்கள். பட்டன் வைத்த சட்டையைத் தவிருங்கள். வலை மாட்டினால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

வலை விழுந்ததும் அவசரப்படாமல் ஈயம் தரையைத் தொடும் வரை பொறுத்து, பிறகு மெதுவாக இழுங்கள். பாலத் தூண்கள் பக்கம் வீசாதீர்கள், சிப்பி கிழித்துவிடும். தண்ணீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முகத்துவார வாயில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் அங்கே இழுப்பு கடுமை.

வலை இல்லையா? இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகிக் கட்டுங்கள். சூடான ஆணியால் ஓட்டைகள் போட்டு, உள்ளே கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் ஒரு கல்லும் போட்டு, புல் அடர்ந்த ஓரத்தில் கயிறு கட்டி இறக்குங்கள். அரை மணி நேரத்தில் ஜிலேபிக் குஞ்சு நுழைந்திருக்கும். பாட்டிலை மறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

வாளி

நான் முதல் நாள் இருபது மடவைக் குஞ்சை ஒரே வாளியில் போட்டு வெயிலில் வைத்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் மல்லாந்துவிட்டன. அவ்வளவு உயிரை வீணடித்தது இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றிலிருந்து 15 லிட்டர் வாளிக்கு எட்டு குஞ்சுக்கு மேல் எடுப்பதில்லை.

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதனால் வாளி நிழலில் இருக்க வேண்டும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பேட்டரி காற்று பம்ப் ஒன்று போடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குஞ்சு பிடித்த இடத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, குளோரின் கொன்றுவிடும். குஞ்சைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்பு போய், செதில் உதிரும். அப்புறம் அது நீந்தாது.

கோர்ப்பதும் போடுவதும்

மெயின் நரம்பில் ஓடும் ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), பிறகு 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) இரண்டு அடி, நுனியில் 3/0 அளவு சர்க்கிள் முள் (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்). லீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, மெல்லிய நரம்பை ஒரே திருப்பில் அறுத்துவிடும்.

நீரோட்டம் இருந்தால் மேலுதட்டில் கோருங்கள். குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து இயல்பாக நீந்தும். தண்ணீர் நின்றிருந்தால் தக்கை கட்டி, முதுகுத் துடுப்புக்கு அடியில் தோலோடு மேலாகக் கோருங்கள். முதுகெலும்பில் முள் பட்டால் அங்கேயே முடிந்தது. வேகமாக வீசி எறியாமல், ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி மெதுவாக அனுப்புங்கள். பாலத்து நிழல், கல் அணையின் முனை, சின்ன வாய்க்கால் வந்து சேரும் இடம், இவைதான் கொடுவா காத்திருக்கும் இடங்கள்.

பெரிய மீன் நெருங்கினால் குஞ்சு படபடக்கும். ராடின் நுனி சொல்லும், விரலும் உணரும். அப்போது ராடை வெட்டி இழுக்காதீர்கள். நரம்பு இறுகி ஓடும் வரை பொறுத்து, நிதானமாகச் சுற்றுங்கள். சர்க்கிள் முள் தானே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். கெளுத்தி மாட்டினால் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். அதன் முள் குத்தினால், தாங்கும் அளவு சூடான தண்ணீரில் கையை வைத்தால் வலி குறையும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போங்கள்.

கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். அதனால் பெரிய கொடுவாவை நான் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறேன். முட்டையிடப் போவது அதுதான்.

மிஞ்சிய மடவையைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஜிலேபியை மட்டும் வேறு குளத்திலோ ஏரியிலோ விடவே கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன் அது, நம் நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும் வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நைலான் நூல் இற்றுப்போகும்.